திருக்கேதீச்சரத்துக்குப் போன பழைய ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்துத் தெருக்களிலே ஒஸ்ரின், மொறிஸ் மைனர் முதலாய பழைய மோட்டார் வண்டிகளைக் காணும் தென்னிலங்கை நண்பர்கள், 'உங்களவர்க்குப் பழமையில் இத்துணைப் பற்றா?' என்று வியந்து கேட்பதுண்டு. ஆம் என்று சொல்லி மகிழலாம். ஆனால் உண்மை அதுவன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இன் பின்னர் கதவு திறந்தபோதிலும், வடபகுதியார் அதன் பயனை நெடுங்காலம் நுகரக் கொடுத்துவைக்கவில்லை. 1990இல் மீண்டும் போர் மூண்டதும் பெற்றோலும் பற்றறியும் தடைப்பட்ட பொருள்களாயின. இருந்ததைக் கொண்டு ஓடினோம். ஓடியதைக் கொண்டு வாழ்ந்தோம். பற்று என்பது பின்னர் வந்து சேர்ந்தது.

என் பெரியப்பாவின் வண்டி 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40 சமர்செற். இங்கிலாந்திலே, பேர்மிங்காம் நகரை அடுத்த லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் 1952 தொடக்கம் 1954 வரை செய்யப்பட்ட இனத்தது. நான்கு உருளைகள், 1,200 கன சென்ரிமீற்றர், 42 குதிரைவலு. இன்றைய கார்களிற் பெரும்பாலானவற்றின் வலு அதனிலும் கூடியது. கியர் மாற்றும் தண்டு ஸ்ரியறிங்கின் கீழேயே இருக்கும். திரும்பும் பக்கத்தைக் காட்ட விளக்கு மினுங்காது. கதவுத் தூணிலிருந்து சிறு கைகாட்டி ஒன்று வெளியே நீளும். சில வேளைகளில் அது நீள மறுக்கும். அப்போது உள்ளிருந்து தூணில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இந்த வண்டியைப் பெரியப்பா 1966இல் இரண்டாங்கையாக வாங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வாடகைக்கு ஓட்டினார். எங்கள் ஊரில் அதில் ஏறாத மணமக்களும் குறைவு. நள்ளிரவில் அதில் ஆஸ்பத்திரிக்குப் போகாத குடும்பங்களும் குறைவு.

தடைக்காலத்தில் அவ்வண்டி மண்ணெண்ணெயிலே ஓடியதை நான் சிறுவனாக இருந்து பார்த்திருக்கிறேன். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த எஞ்சினை அதனால் இயக்க முடியாது. பெரியப்பா ஒரு சிறு மருந்துப் போத்தலில் பெற்றோலைப் பொன்போலக் காத்து வைத்திருப்பார். காலையில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு, முன்பக்கக் கைபிடியைச் சுழற்றி உயிர் கொடுப்பார். எஞ்சின் சூடேறிய பின் மண்ணெண்ணெயை ஏற்றுக்கொள்ளும். தெருவெல்லாம் அடுப்படி மணம் பரவும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே ஒழுகி எஞ்சின் ஒயிலைக் கரைப்பதால் அடிக்கடி ஒயில் மாற்ற நேரும். ஆயினும் வண்டி ஓடிற்று. புதிய வண்டியாயின் ஓடியிராது. ஒஸ்ரினின் அமுக்க விகிதம் ஏறக்குறைய 7. இக்காலக் கார்களில் அது 10ஐத் தொட்டும் தாண்டியும் நிற்கும். அமுக்கம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் காலந்தப்பி வெடித்து உருளைகளையே உடைத்துவிடும். பழைய எஞ்சினின் பலவீனமே அன்று அதன் பலமாயிற்று.

இப்போது பெரியப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. கண் அழுத்த நோயினால் பார்வை சுருங்கி, வண்டி ஓட்டுவதை விட்டு ஆறு ஆண்டுகளாகின்றன. கனடாவில் இருக்கும் அவர் மகன், என் அண்ணன், வண்டியை விற்றுவிடலாம் என்று எழுதினான். பழைய கார்களைச் சேகரிக்கும் கொழும்புச் செல்வர் ஒருவர் கேட்ட விலை, என் இரண்டாண்டுச் சம்பளத்துக்கு மேற்பட்டது. பெரியப்பா மறுக்கவில்லை, உடன்படவும் இல்லை. "விக்கிறதெண்டால் வில்லுங்கோ. அதுக்கு முன்னம் ஒருக்கால் கேதீச்சரத்துக்குப் போட்டு வருவம்" என்றார்.

அந்த வேண்டுகோளுக்குக் காரணம் உண்டு. 1982ஆம் ஆண்டுச் சிவராத்திரிக்குப் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு போனதே அவ்வண்டியின் கடைசித் திருக்கேதீச்சரப் பயணம். அப்போது சங்குப்பிட்டியில் பாலமில்லை. கேரதீவுக் கரையில் காத்திருந்து, 'பாதை' எனப்படும் மிதவையில் காரை ஏற்றிக் கடனீரைக் கடக்க வேண்டும். பின்னர் கலவரமும் போரும் வந்தன. பாதையும் நின்றது. 288 மீற்றர் நீளமான இன்றைய பாலம் 2011 சனவரியில் திறக்கப்பட்டது. பெரியம்மா 2019இல் காலமானார். அடுத்த முறை போகும்போது என்று அவர்கள் இருவரும் எதையோ பேசி வைத்திருந்தார்கள் போலும்; அதை நாங்கள் கேட்கவில்லை.

சென்ற ஆவணி மாதம், பாடசாலை விடுமுறையில், புறப்பட ஏற்பாடாயிற்று. ஒஸ்ரினை ஓட்டும் பொறுப்பு எனக்கு. துணைக்கு என் சக ஆசிரியர் ஒருவர் தமது மொறிஸ் மைனரைக் கொண்டுவர இசைந்தார். (மொறிஸ் மைனரின் முன்மூடியின் நடுவே ஒரு பட்டி ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அது அலங்காரமன்று. அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ், 1948இல் அது வெளிவருவதற்கு முன்பு, வண்டி ஒடுங்கிவிட்டதெனக் கருதி மாதிரியை நடுவே அறுத்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்த நான்கு அங்குலத்தின் தழும்புதான் அது.) நான் பௌதிகம் கற்பிப்பவன். அறிவுக்கு இழுக்கு வராமல் வண்டியை ஆயத்தஞ் செய்ய வேண்டுமென்று கருதி, ஒயில், பிளக்குகள், விசிறிப் பட்டி, டிஸ்ரிபியூற்றரின் உள்ளே இருக்கும் பொயின்ற், கொண்டென்சர் ஆகியவற்றையெல்லாம் புதிதாக வாங்கிப் பூட்டினேன். பழையவற்றைக் குப்பையில் இட்டேன். பெரியப்பா திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படும் காலையில் முதற் சிக்கல். பெரியப்பா ஒஸ்ரினில் ஏற மறுத்துவிட்டார். தம் கையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஸ்ரியறிங்கை வேறொருவன் பிடிக்க, பக்கத்தில் பொதிபோல இருப்பதா? "நான் மாஸ்ரரோடை மைனரிலை வாறன்" என்று முன்வண்டியில் ஏறிக்கொண்டார். ஒஸ்ரினில் நானும், மனைவியும், பன்னிரண்டு வயது மகளும், சோற்றுப் பொதிகளும்.

நாவற்குழியில் திரும்பி, கேரதீவு கடந்து, பாலத்தில் ஏறினோம். இருபுறமும் நீர் வெள்ளிபோல் கிடந்தது. முன்னே மைனர் மெதுவாக ஊர்ந்தது. பெரியப்பா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக் காற்றை வாங்கிக்கொண்டிருந்தார். பூநகரி கடந்தது. பல்லவராயன்கட்டும் கடந்தது. வெயில் ஏறிற்று. மைனர் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டது. முழங்காவிலை அண்மித்தபோது ஒஸ்ரின் நின்றது.

நான் கலங்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்று எண்ணினேன். ஒஸ்ரினின் பெற்றோல் பம்பி எஞ்சினின் பக்கத்திலேயே பொருத்தப்பட்டது. கடும் வெயிலில் அது சூடேறினால் உள்ளிருக்கும் பெற்றோல் ஆவியாகும். பம்பி திரவத்தை இழுக்க வல்லது. ஆவியை இழுக்க மாட்டாது. காபரேற்றர் வற்றிவிடும். இதனை மனைவிக்கும் மகளுக்கும் விரிவாக விளக்கி, ஈரத்துணியைப் பம்பியின்மேற் சுற்றி, குடிநீரில் ஒரு போத்தலை அதன்மேல் ஊற்றினேன். இருபது நிமிடத்தில் வண்டி இயங்கிற்று. வகுப்பில் பரிசோதனை சரியாக வந்தால் உண்டாகும் மகிழ்ச்சி எனக்குண்டாயிற்று.

ஆறு கிலோமீற்றர் போனதும் மீண்டும் நின்றது. மீண்டும் ஈரத்துணி, மீண்டும் நீர், மீண்டும் இயங்கிற்று. வெள்ளாங்குளத்துக்கு அப்பால் மூன்றாம் முறை நின்றபோது எங்களிடம் குடிக்கவும் நீரில்லை. அவ்விடத்தில் நிழல் என்று சொல்லத்தக்க மரமொன்றும் இல்லை. மனைவி ஒன்றும் பேசாதிருந்தாள். அது எதற்கு அறிகுறி என்பது குடும்பத்தினர்க்குத் தெரியும். லான்ட்மாஸ்ரரில் வந்த விவசாயி ஒருவர் நிறுத்தி, ஒரு கான் நீர் தந்து, "கட்டி இழுக்கட்டோ அண்ணை?" என்று கேட்டார். ஒஸ்ரினை லான்ட்மாஸ்ரர் இழுத்துச் செல்லும் காட்சியைப் பெரியப்பா காண நேருமே என்றெண்ணி நன்றி கூறி மறுத்தேன். கைத்தொலைபேசியில் அழைக்க, இலுப்பைக்கடவையில் காத்திருந்த மைனர் திரும்பி வந்தது.

பெரியப்பா இறங்கி வந்து முன்மூடியின்மேற் கையை வைத்தார். ஈரத்துணியைத் தடவிப் பார்த்தார். நான் என் விளக்கத்தைத் தொடங்கினேன். அவர் கையமர்த்தி, "நிக்கேக்கை எப்பிடி நிண்டது?" என்றார்.

"எப்பிடியெண்டால், பெரியப்பா?"

"எண்ணெய் இல்லாமல் நிக்கிற இஞ்சின் இளைச்சு இளைச்சு நிக்கும், தம்பி. மிதிக்க மிதிக்கக் கெஞ்சும். நெருப்பு இல்லாமல் நிக்கிறது வேறை மாதிரி. இது எப்பிடி நிண்டது?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று முறையும் நான் பேசிக்கொண்டிருந்தேன். முதன்முறை சங்குப்பிட்டிப் பாலத்தைப் பற்றி, மற்ற இருமுறையும் என் கொள்கையைப் பற்றி. பின்னிருக்கையில் இருந்த மகள்தான் சொன்னாள்:

"முதல் ஒருக்கால் குலுங்கிச்சுது, அப்பப்பா. பிறகு பின்னாலை 'டப், டப்' எண்டு ரண்டு வெடி. அதோடை நிண்டிட்டுது."

"மூண்டு தரமும் அப்பிடியோ?"

"மூண்டு தரமும்."

பெரியப்பா சிரித்தார். "பெற்றோல் இல்லாட்டி ஏன் பிள்ளை பின்னாலை வெடிக்கும்?" என்றார். கேள்வி அவளிடம் கேட்கப்பட்டது, சுட்டது என்னை. குழாயில் வெடிப்பதற்குப் பெற்றோல் வேண்டும். உருளையில் எரியாத பெற்றோலே புகைக்குழாயிற் சென்று வெடிக்கிறது. அப்படியாயின் குறை பெற்றோலில் அன்று, தீப்பொறியில்.

இவ்விடத்தில் மாணவர்களுக்குச் சிறிது சொல்லவேண்டும். பற்றறியின் 12 உவோற்று பிளக்கில் பொறி உண்டாக்கப் போதாது. அம்மின்னோட்டம் ஒரு சுருளினூடே செல்கிறது. டிஸ்ரிபியூற்றரில் உள்ள பொயின்ற் என்னும் சிறு தொடுகை திறக்கும் கணத்தில் ஓட்டம் அறுபட, சுருளின் காந்தப்புலம் சரிந்து, இரண்டாஞ் சுருளிலே பல்லாயிரம் உவோற்றுப் பிறக்கிறது. புலம் எவ்வளவு சடுதியாகச் சரிகிறதோ அவ்வளவு வலிய பொறி. ஆனால் தொடுகை திறக்கும்போது மின்னோட்டம் அந்த இடைவெளியையும் பாய்ந்து கடக்க முயலும். அதனைத் தடுக்கவே தொடுகைக்கு இணையாகப் பெருவிரலளவுகூட இல்லாத கொண்டென்சர் ஒன்று வைக்கப்படுகிறது. பழைய பாடநூல்கள் அதனை ஒடுக்கி என்றன. இன்று கொள்ளளவி என்கிறோம். அதன் அளவு ஏறக்குறைய 0.2 மைக்குரோபரட்டு. பாயவரும் மின்னேற்றத்தை அது ஏற்றுக்கொள்ள, ஓட்டம் சட்டென அறுகிறது. அது பழுதானால் தொடுகையில் தீ எரியும். பிளக்கிற் பொறி வராது. இன்னுமொன்று: சில கொண்டென்சர்கள் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக நடந்து, சூடேறியதும் பழுதாகும். ஆறவிட்டால் மீண்டும் நடக்கும். என் ஈரத்துணி செய்த நன்மை யாதெனில், கொண்டென்சர் ஆறுவதற்கு இருபது நிமிட அவகாசம் கொடுத்ததேயாம்.

பெரியப்பா டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றச் சொன்னார். சாவியைத் திறந்து, ஒரு காய்ந்த குச்சியினால் தொடுகையை மெல்ல விலக்கும்படி மகளிடம் கூறினார். "என்ன தெரியுது, பிள்ளை?"

"நெருப்பு, அப்பப்பா. பெரிசாய், 'சிர்' எண்டு."

"எவ்வளவு பெரிசு?"

"நெருப்புக்குச்சி பத்தவைச்ச மாதிரி."

அவர் என் பக்கம் திரும்பி, "கொண்டென்சர் மாத்தினனியெல்லோ? பழசு எங்கை?" என்றார். எறிந்துவிட்டதாகச் சொன்னேன். "சீற்றுக்குக் கீழை பால்மாப் பேணியைப் பார்."

பேணிக்குள், நான் குப்பையில் இட்ட பழம்பொருள்களெல்லாம் பத்திரிகைத் துண்டுகளிற் சுற்றப்பட்டுக் கிடந்தன. பார்வையில்லாத அவர் எந்நேரம் குப்பையைத் தடவி எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பே. அந்தப் பழைய கொண்டென்சர்கூட ஒஸ்ரினுடன் பிறந்ததன்று. 1991இல் கைவிடப்பட்ட ஒரு லொறியிலிருந்து கழற்றியதாம்.

அதனைப் பொருத்துவது ஒரு திருகாணி, ஒரு கம்பி, இவ்வளவே. ஆனால் அந்தத் திருகாணி நெல்மணியளவினது; கைதவறி டிஸ்ரிபியூற்றரின் வயிற்றுக்குள் விழுந்தால் முழுவதையும் கழற்ற வேண்டும். என் விரல்கள் அதற்குத் தடித்தவை. சக ஆசிரியரோ கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். (கண்ணாடியில்லாமல் நூறு கிலோமீற்றர் ஓட்டி வந்தாரா என்று நான் கேட்கவில்லை.) பெரியப்பா மகளை அழைத்து, திருப்புளியின் நுனியிற் சிறிது கிறீஸ் தடவி அதிலே திருகாணியை ஒட்டவைக்கச் சொன்னார். கீழே தம் தோட்சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டார். அவள் மூச்சடக்கிக்கொண்டு அதனைப் பூட்டினாள். முதலிற் கோணலாயிற்று, கழற்றி மீண்டும் பூட்டினாள். பெரியப்பா விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும் அரைச் சுத்து" என்றார். பிறகு, "காணும்" என்றார்.

கைபிடியை நான் சுழற்றினேன். இரண்டாஞ் சுழற்சியில் வண்டி பிடித்தது. பெரியப்பா சற்று நேரம் எஞ்சினின் ஓசையைக் கேட்டு நின்றார். பின்பு ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒஸ்ரினின் முன்னிருக்கையில், என் பக்கத்தில், ஏறியமர்ந்தார். மனைவி மைனருக்கு மாறினாள். அதன்பின் நான் வழிநெடுகப் பேசவில்லை. இலுப்பைக்கடவையிலும் வண்டி நிற்கவில்லை, பாப்பாமோட்டையிலும் நிற்கவில்லை.

கோயிலை அடைந்தபோது உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தியாயிற்று. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, நெடுங்காலம் காட்டுள் மறைந்திருந்து, ஆறுமுக நாவலர் 1872இல் விடுத்த வேண்டுகோளின் பின் மெல்லமெல்ல மீண்டெழுந்தது. 2022இல் குடமுழுக்குக் கண்ட கருங்கற்றிருப்பணி வெயிலிற் பளபளத்தது. மாலை நடை திறக்கும்வரை பாலாவிக் கரையில் மர நிழலில் இருந்து சோற்றுப் பொதியை அவிழ்த்தோம். பெரியப்பா தம் பொதியிற் பாதியை உண்டு, கையலம்பி, குளத்துப் படியில் தனியே இறங்கிச் சிறிது நேரம் நின்றார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொள்ள எழுந்தாள். நான் வேண்டாமென்று தடுத்தேன். நீரை அள்ளித் தலையிற் தெளித்துக்கொண்டு அவரே ஏறி வந்தார். மாலைப் பூசை கண்டு, இருள்படும் வேளையில் திரும்பினோம்.

இரண்டு வாரங்களின் பின் கொழும்பிலிருந்து வாங்குபவர் வந்தார். நல்ல மனிதர், வண்டியைத் தொடுமுன் செருப்பைக் கழற்றினார். எல்லாவற்றையும் புதிதாக்கப் போவதாகச் சொன்னார். பெரியப்பா பால்மாப் பேணியை அவர் கையிற் கொடுத்தார். "எல்லாம் புதுசாய்ப் போடுங்கோ, தம்பி. இந்தப் பேணியை மட்டும் எறியாதேங்கோ." அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வண்டி லொறியில் ஏற்றப்பட்டுப் போயிற்று. அன்று மாலை பெரியப்பா வழக்கம்போலத் திண்ணையில் இருந்தார். தெருவிற் போகும் வண்டிகளின் ஓசையைக் கேட்டு, இன்ன வண்டி, இன்ன குறை என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் சிலவற்றைச் சரியாகச் சொன்னாள்.

பேணியில் இல்லாத ஒரு பொருள் என்னிடம் உண்டு: நான் வாங்கிப் பூட்டிய அந்தப் புதிய கொண்டென்சர். அது கல்லூரி ஆய்வுகூடத்தில் என் மேசைமேல் இருக்கிறது. கொள்ளளவி பற்றிய பாடம் வரும்போது மாணவரிடம் கொடுத்து அளக்கச் சொல்வேன். குளிர்ந்திருக்கும்போது அளவு சரியாகவே வருகிறது. பின்பு அதை வெயிலில் வைத்துவிட்டு வந்து மீண்டும் அளக்கச் சொல்கிறேன்.